உள்ளே இருந்த மார்க்

நவம்பர் 8, சனி

காலையிலிருந்து மழை. கிள்ளானில் பாதி ரோடு தண்ணீர். பன்னிரண்டு மணிக்கே பாஸ் ஒர்க்‌ஷாப் கதவை இறக்கிவிட்டார். "இந்த மழையில எவன் காடி கொண்டு வருவான், வீட்டுக்குப் போங்க லா."

செய்ய வேண்டியவை: வைப்பர் ரப்பர். காஸ் சொல்ல. சாந்தியின் கேம்.

சாந்திக்கு (இனி சா., எனக்குக் கை வலிக்கும்) பிரிக்பீல்ட்ஸ் ஆபீசில் கிளார்க் வேலை. ரயிலில் போய் வந்து களைத்துப் படுக்க வேண்டியவள், லேப்டாப்பில் கார் கட்டுகிறாள். விளையாட்டுதான், ஆனால் ஒவ்வொரு ஸ்குருவும் நாமே போட வேண்டும். மூன்று வாரமாக ஓர் எஞ்சின். எல்லாம் ஏறிவிட்டது, டைமிங் பெல்ட் மட்டும் ஏறவில்லை.

"ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். எங்க வீட்டுக்காரர் இருபத்திரெண்டு வருஷ போர்மன், அவர் அஞ்சு நிமிஷத்துல போட்டுடுவாருன்னு."

"அஞ்சு எதுக்கு, மூணு போதும்" என்றேன். வாய்.

ஒன்றே முக்கால் மணி நேரம். பெல்ட்டைக் கொண்டுபோய் வைத்தால் சிவப்பாகிறது, விட்டால் மேசைக்கே திரும்பிவிடுகிறது. மேலே வால்வுகளை ஆட்டும் கேம்ஷாஃப்ட் சக்கரம், கீழே பிஸ்டன்களை ஆட்டும் கிராங்க் சக்கரம், நடுவில் நான் முட்டாள் மாதிரி. கடைசியில், "இந்த கேம் சரியில்ல மா. நெஜ எஞ்சின் இப்படி இருக்காது" என்றேன்.

நிஜ எஞ்சின் இப்படித்தான் இருக்கும்.

நவம்பர் 9, ஞாயிறு

வெயில். கடையில் ரொட்டி சானாய் தாப்பாவ், பொட்டலம் கட்டி. கறி தனியாக வாங்க மறந்தேன், திட்டு.

யாரும் படிக்கப் போவதில்லை, எழுதிவிடுகிறேன். டைமிங் பெல்ட் எத்தனையோ நூறு மாற்றியிருக்கிறேன். ஒன்றுகூடச் சொந்தமாக வைத்ததில்லை. என் வழி இது: பழைய பெல்ட்டைக் கழற்றும் முன், ஆபீசில் எழுத்தை அழிக்கும் வெள்ளை மையால் பெல்ட்டிலும் சக்கரங்களிலும் ஒரு கோடு. அந்தக் கோட்டைப் பல் எண்ணிப் புது பெல்ட்டில் போடுவது, கோட்டுக்குக் கோடு மாட்டுவது. முடிந்தது. சக்கரங்கள் எங்கே நிற்க வேண்டும் என்று எஞ்சின் செய்தவன் வைத்த மார்க் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியதே இல்லை. வேகமான கை என்று பெயர் வாங்கியது இதில்தான்.

சா.வின் எஞ்சினில் பழைய பெல்ட் கிடையாது. புது எஞ்சின். காப்பியடிக்க ஒன்றும் இல்லை.

வைப்பர் மாற்றினேன். அதுவாவது ஒழுங்காக வந்தது.

நவம்பர் 11, செவ்வாய்

மாலை மழை, ரயில் தாமதம். சா.வை அழைத்து வர நானே காடியில் பிரிக்பீல்ட்ஸ் போனேன். பார்க்கிங் இல்லை, சேலைக் கடை எதிரே டபுள் பார்க்கிங், வாட்ச்மேன் முறைப்பு. சா.வோடு வேலை செய்யும் ஒரு பெண் குடையோடு ஓடி வந்து, "நீங்கதான் அந்த போர்மன் அண்ணனா? பெல்ட் ஏறிடுச்சா அண்ணே?" என்றாள். ஏறும், ஏறும் என்றேன். காது சுட்டது.

வரும் வழியில் சா. போனைப் பார்த்துக்கொண்டே, "டென்ஷனர தளர்த்தாம பெல்ட் போடக் கூடாதாம். கேம் ஆடுறவங்க எழுதியிருக்காங்க" என்றாள். டென்ஷனர் என்பது பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் உருளை. முதல் நாள் வேலைக்கு வந்தவனுக்குத் தெரியும் அது. எனக்கும் தெரியும். பதற்றத்தில் தோன்றவில்லை, அவ்வளவுதான். அவளிடம் "அதத்தான் நானும் நெனச்சேன்" என்று சொன்னேன்.

காஸ் வந்தது.

நவம்பர் 13, வியாழன்

இன்று நடந்ததை எழுதவே பிடிக்கவில்லை.

சாப்பாட்டுக்கு முன்னே உட்கார்ந்தோம். டென்ஷனர் தளர்த்தினேன். கிராங்கின் வெளிச் சக்கரத்தில் ஒரு மார்க் தெரிந்தது, அதை நேராக வைத்தேன். மேலே கேம்ஷாஃப்ட் மார்க்கும் நேர். வெளிச் சக்கரத்தைக் கழற்றி பெல்ட்டை வைத்து, டென்ஷனரை இறுக்கினேன். பச்சை. ஏறிவிட்டது. சா. கை தட்டினாள்.

பிறகு போனைப் பார்த்து, "வெளிய உள்ள மார்க் வேற எதுக்கோவாம். உள்ள சின்ன பல்சக்கரத்துல இன்னொரு மார்க் இருக்காம். அதப் பார்த்தீங்களா?" என்றாள்.

"பார்த்துட்டேன் லா" என்றேன்.

பார்க்கவில்லை. எங்கே இருக்கிறது என்றும் தெரியாது. கேட்க வெட்கம்.

ஸ்டார்ட் அழுத்தினாள். ஒரே சத்தம், எஞ்சின் நின்றது. வால்வும் பிஸ்டனும் முட்டி எட்டு வால்வு வளைந்துவிட்டதாகத் திரையில் வந்தது. கீழே, பெல்ட் பொருத்தியவர்: கணேசன். எனக்கென்று தனிப் பெயரில் உள்ளே வரவைத்தது சா.தான், ஆசையாக. மூன்று வார எஞ்சின்.

அவள் கோபப்படவில்லை. "பரவால்ல, கேம்தானே" என்றாள். திட்டியிருந்தால் தேவலை.

"பார்த்துட்டேன் லா." அதே வார்த்தை, அதே குரல். முன்பு ஒருமுறை சொன்னது. தேவனிடம்.

நவம்பர் 14, வெள்ளி

மேகமூட்டம். ஒர்க்‌ஷாப்பில் பிரேக் வேலை இரண்டு, பேட்டரி ஒன்று. மனசு எதிலும் இல்லை.

மாலையில் சா. எஞ்சினைப் பிரித்து வால்வு மாற்றி, உள் மார்க்கைத் தானே கண்டுபிடித்தாள். கிராங்க் வெளிச் சக்கரத்தின் பின்னால் சின்னப் புள்ளி. பெல்ட் போட்டு, ஸ்பேனர் வைத்துக் கையால் இரண்டு சுற்று சுற்றினாள், மார்க் மறுபடி நேரே வருகிறதா என்று. பிறகுதான் ஸ்டார்ட். ஓடுகிறது. "வெளி மார்க்கப் பார்த்து ஏமாந்தவங்க நெறைய பேராம், நீங்க மட்டும் இல்ல" என்று எனக்கு ஆறுதல் வேறு.

நான் பாத்ரூமில் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

எட்டு வருஷத்துக்கு முன்பு. தேவன், என்னோடு வேலை பார்த்தவன், கேரி தீவுக்காரன், என் வயசு. ஒரு டீச்சரம்மா காடியை லோரியில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். வேறு யாரோ பெல்ட்டை ஏற்கெனவே கழற்றியிருந்தார்கள். வெள்ளைக் கோடு போட வழியில்லை. நான் வெளி மார்க்கை வைத்து மாட்டினேன். தே. டென்ஷனரை இறுக்கினான். இறுக்கும் முன்னே கேட்டான், "கணேசு, உள் மார்க் பார்த்தியா?" பார்த்துட்டேன் லா.

ஸ்டார்ட் செய்ததும் வால்வு போயிற்று. பாஸ் கேட்டார், யார் வேலை. நான் சொன்னது: "டென்ஷனர் தேவன் இறுக்கினான் பாஸ்."

பொய் இல்லை. அதுதான் அதில் உள்ள அயோக்கியத்தனம். தே.வை அடுத்த வாரத்திலிருந்து வர வேண்டாம் என்றார்கள், போய்விட்டான்.

அன்றிலிருந்து எனக்குள் ஒரு 'ஒருவேளை' இருந்தது. ஒருவேளை டென்ஷனராகவும் இருக்கலாம். நேற்று டென்ஷனர் சரியாக இருந்தும் வால்வு வளைந்தது, அந்த 'ஒருவேளை'யும் போயிற்று.

நவம்பர் 15, சனி

வெயில், புழுக்கம். பசியாறும்போது சா.விடம் சொல்லிவிட்டேன். தோசை ஆறியது.

முதலில் புரியவில்லை அவளுக்கு. புரிந்ததும், "முன்ன ஒரு கல்யாண வீட்டுல அவர் பொண்டாட்டி ராணி வந்து பேசினப்ப நான் மூஞ்சியத் திருப்பிக்கிட்டேன். உங்க வேலையக் கெடுத்தவர்னு நெனச்சி" என்றாள்.

தோசைத் தட்டை நகர்த்தி வைத்தேன்.

"எவ்ளோ நம்பினேன் உங்கள" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். பாத்திரம் கழுவி முடித்துவிட்டு, "நாளைக்கு ஞாயித்துக்கிழமை. வீட்டுல இருப்பாரு. போலாம்" என்றாள்.

இரண்டு சட்டை இஸ்திரி போட்டேன். எதற்கு இரண்டு?

நவம்பர் 16, ஞாயிறு

தூறல். கேரி தீவு. பாலம் தாண்டியதும் இரண்டு பக்கமும் செம்பனை, வழியில் மூன்று முறை திரும்பிவிடலாமா என்று.

தே. முடி நரைத்துவிட்டது. "டேய் கணேசு, வா வா" என்று கையைப் பிடித்தான். இந்த வரவேற்பை நான் எதிர்பார்க்கவில்லை. ராணி சா.வைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு தே ஓ, பால் இல்லாத டீ, கொண்டுவந்து வைத்தாள், உள்ளே போய்விட்டாள். சா. அவள் பின்னாலேயே போனாள்.

என்ன வேலை என்று கேட்டேன். தோட்டத்து லோரிகளுக்கு டயர், கிரீஸ். "எஞ்சின் பக்கம் போறதில்ல. அன்னிக்கு அந்த டீச்சரம்மா காடில டென்ஷனர சரியா இறுக்கல பாரு. அதுலேர்ந்து என் கை மேலயே நம்பிக்கை இல்ல. கூப்புடுவாங்க, மாட்டேன்னுடுவேன்."

அவன் என்னை ஒருநாளும் சந்தேகப்படவில்லை. பார்த்துட்டேன் என்று நான் சொன்னதை நம்பி, எட்டு வருஷமாகத் தன் கையைச் சந்தேகப்பட்டிருக்கிறான்.

"நான் உள் மார்க் பார்க்கல தேவா" என்றேன். "பார்த்துட்டேன்னு சொன்னது பொய். வெளி மார்க்க வெச்சி மாட்டினேன்."

கிளாஸைக் கீழே வைத்தான். தன் இரண்டு கையையும் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"அப்ப நான் இறுக்கினது?"

"சரியாத்தான் இறுக்கின."

அடிப்பான் என்று நினைத்தேன். அடிக்கட்டும் என்றும் நினைத்தேன். அவன் வீட்டுக்குள் பார்த்துக் கூப்பிட்டான். "ராணி, இங்க வா."

அவள் கை ஈரத்தைத் துடைத்துக்கொண்டே வந்தாள். பின்னால் சா.

"உக்காரு" என்றான் அவளிடம். பிறகு என்னிடம், "இப்ப சொன்னல்ல, அத இவ முன்னால இன்னொரு தடவ சொல்லு. மொதல்லேர்ந்து."

சொன்னேன்.