கேட்டருகே ஒன்பதாம் வகுப்பு

ஜூலை 6, திங்கள்

இன்று முதல் மகளையும் வேலைக்குக் கூட்டி வருகிறேன். தொற்றால் பள்ளி பூட்டிக் கிடக்கிறது. ஒன்பதாம் வகுப்புப் பாடமெல்லாம் போனில்தான். வீட்டில் இருப்பது என் போன் ஒன்றே. குடியிருப்புக்கு யார் வந்தாலும் மாடியில் இருப்பவர்களிடம் அதில் கேட்டுத்தான் நான் கேட்டைத் திறக்க வேண்டும். வாட்ச்மேன் போனை வீட்டில் விட்டு வர முடியுமா?

ஜூலை 8

கூரியர், தண்ணீர் கேன், மருந்துக்கடை ஆள். ஒவ்வொருவருக்கும் அவளிடமிருந்து போனை வாங்கினேன். ஒவ்வொரு தடவையும் வகுப்பு அறுந்தது. "இஷ்டத்துக்கு வர்றதும் போறதுமா இருந்தா குரூப்ல இருந்து எடுத்துடுவேன்" என்றாராம் கணக்கு டீச்சர். மகள் என்னை ஒன்றும் சொல்லவில்லை. சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை.

ஜூலை 17

இருமுகிறாள். தூசிதான். தூசியாகத்தான் இருக்கும் — யார் காதிலாவது விழுந்திருக்குமோ?

ஆகஸ்ட் 3

நாளை கணக்குப் பரீட்சை. ஒரு மணி நேரம் போனைத் தொடக் கூடாது. யாரும் வராமல் இருக்கணுமே.

ஆகஸ்ட் 4

ஆறு பேர் வந்தார்கள். போனைத் தொடவில்லை. ஒவ்வொருவரையும் நிற்க வைத்துவிட்டு மாடிக்கு ஓடிக் கதவைத் தட்டிக் கேட்டு வந்தேன். லிஃப்டில் நான் ஏறக் கூடாது. நான்காம் மாடிக்கே மூன்று தடவை. முட்டி கழன்றுவிடும் போலிருந்தது. கடைசியாக இறங்கும்போது கேட்டில் குடியிருப்புச் சங்கச் செயலாளர். அவர் ஹாரன் அடித்ததும், மகள் ஒரு கையில் போனோடு வந்து திறந்துவிட்டிருக்கிறாள்.

"கேட்டைப் பாத்துக்கறது நீயா, உன் பொண்ணா?"

"பரீட்சை சார். இன்னும் அஞ்சே நிமிஷம்."

"வயசானவங்க இருக்கற இடம். வெளியாளைக் கொண்டாந்து உக்கார வச்சிருக்கே!"

வெளியாளாம். மூணு வருஷமா எனக்குச் சாப்பாடு கொண்டு வருகிறவள், நன்றாகத் தெரியும் இவருக்கு. அவள் தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தாள். காதில் விழுந்திருக்குமா? விழாமல் எங்கே போகும்.

ஆகஸ்ட் 5

வேலைக்கு வர வேண்டாம் என்றுவிட்டார்கள். "என்னாலதானேப்பா?" என்று கேட்டாள். இல்லை என்று சொல்லக் கொஞ்சம் தாமதித்துவிட்டேன். ஏன் தாமதித்தேன்?

ஆகஸ்ட் 21

கணக்கில் தேறிவிட்டாள். எனக்கு இன்னும் வேலை இல்லை. போன் முழுநேரமும் அவள் கையில்.

பிப்ரவரி 8, திங்கள்

பள்ளி திறந்துவிட்டது. மரக்கடையில் சேர்ந்து நான்கு மாதமாகிறது. இன்று அங்கே சொல்லிவிட்டுப் போய் அவளைப் பள்ளி வாசல்வரை விட்டேன். மாலையில் வந்தவள் பையை இறக்காமல் நின்றாள்.

"ஃப்ரெண்ட்ஸையெல்லாம் பாத்தியாம்மா?"

"எங்க பெஞ்ச்ல நாலு பேருப்பா. இன்னைக்கு நான் மட்டும்தான்."

"நாளைக்கு வருவாங்க."

"ஒருத்திக்குக் கல்யாணம் ஆயிடுச்சாம். மத்த ரெண்டு பேரும் தையல் கம்பெனிக்குப் போறாங்களாம்."

பையை அவள் தோளிலிருந்து வாங்கி வைத்தேன். அவளே சொன்னாள்:

"தாராளமா உக்காந்து எழுதும்மான்னு டீச்சர் சொன்னாங்க."