வலப்பக்கத்து நாரை

4-11-98, புதன்

காலையிலிருந்து தூறல். கரண்ட் இரண்டு முறை போனது. சேமிக்கவில்லை. கம்ப்யூட்டரில் வரைந்த விமான வால் மறுபடி முதலிலிருந்து.

மருதம் ஏர் விமானம், இடப்பக்கம் முடிந்தது. வெள்ளை உடம்பு, சன்னலுக்குக் கீழே பச்சைப் பட்டை, வாலில் சிவப்பு நாரை. கம்ப்யூட்டரில் இருப்பது இருநூற்றைம்பத்தாறு நிறம். அந்தச் சிவப்பு அதில் இல்லை. செங்கல் நிறத்தில் ஒன்றை எடுத்துக்கொண்டேன்.

வலப்பக்கம்தான் வழக்கு. ஃபிளைட் சிமுலேட்டர் என்கிற விமான விளையாட்டு ஒரு பக்கத்து வாலைத் திருப்பி மறுபக்கத்துக்கும் போட்டுக்கொள்கிறது. இரண்டு நாரையும் விமானத்தின் மூக்கை நோக்கிப் பறக்கும். மருதத்தில் அப்படி இல்லை. பெயிண்ட் அடித்தவர்கள் ஒரே அச்சை இரு பக்கமும் வைத்துவிட்டார்கள். வலப்பக்க நாரை பின்னோக்கிப் பறந்தது. பயணிகள் ஏறுவது இடப்பக்கம், போட்டோவும் அங்கிருந்துதான். வலப்பக்கம் மூட்டை ஏற்றுகிற எங்களுக்கு. மதுரையில் கம்பெனி மூடும்வரை நான் லோடர் மேஸ்திரி. தினம் பார்த்தவன். வலப்பக்கத்துக்குத் தனிப் படம் வைத்தேன், பின்னோக்கி.

மாலை, மெட்ராஸ் விமான ரசிகர் சங்கத்து ரமணன் போன். மூடிப்போன கம்பெனி விமானங்களையெல்லாம் வரையவைத்து ஒரே சிடியில் சேர்க்கிறார்கள். வலப்பக்க நாரையைப் பற்றி முன்பே சொல்லியிருந்தேன்.

"சார், போட்டோ இல்லேன்னா பார்த்த இன்னொருத்தர் எங்கிட்ட சொல்லணும். எல்லாருக்கும் இதே விதிதான். திங்கட்கிழமைக்குள்ள சொல்லுங்க. இல்லேன்னா நாரையைத் திருப்பிப் போட்டுடறோம்."

"திருப்பறதுன்னா என் விமானத்தையே எடுத்துருங்க."

போனை வைத்துவிட்டார்.

5-11-98, வியாழன்

மழை இல்லை. வாங்க வேண்டியது: பிளாப்பி, சர்க்கரை மாத்திரை, குடைக்குக் கம்பி.

என்னோடு மூன்று லோடர்கள். ஒருவர் மவுத்தாகி அடக்கமாகிவிட்டார். ஒருவன் மலேசியாவில், எங்கே என்று தெரியாது. மிச்சம் அந்தோணி.

அவனோடு பேச்சு இல்லை. மூடிய அன்று, விமானத்தை வாடகைக்குக் கொடுத்தவர்கள் வந்து, பெயரையும் நாரையையும் வெள்ளையடித்து மறைக்க ஆள் கேட்டார்கள். யாரும் தொடுவதில்லை என்று பேசி வைத்திருந்தோம். அந்தோணி வாளியைத் தூக்கிக்கொண்டு சாரத்தில் ஏறினான்.

மனைவி சொன்னாள்: "அழிச்சவனுக்குத்தானே நல்லாத் தெரியும், எங்குட்டுப் பாத்துச்சுன்னு?"



6-11-98, வெள்ளி

ஜும்ஆ முடிந்து வந்து, நாரையைத் திருப்பி வைத்துப் பார்த்தேன். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் பொய். பழையபடி மாற்றினேன்.

குழம்பில் உப்பு அதிகம். சொன்னேன். "நாரைக்கு ஊத்துங்க" என்றாள்.

7-11-98, சனி

புதுவயல் பஸ். அந்தோணி அரிசி ஆலையில் மூட்டை இறக்குகிறான். தலையெல்லாம் தவிடு.

"வாங்க பாய். இப்பத்தான் வழி தெரிஞ்சுச்சா?"

"வலப்பக்கத்து வாலுல நாரை எங்குட்டுப் பாத்துச்சு?"

"இத்தன வருசம் கழிச்சு வந்து கேக்குற கேள்வியா இது! புள்ளகுட்டி சொகமான்னு கேக்க மாட்டீகளா?"

"சொகமா?"

"சொகந்தான். பின்னாலதான் பாத்துச்சு. சாரம் வாலுக்குப் பின்னாடி போட்டிருந்தாக. ஏறுன ஒடனே கைக்கு எட்டுனது அலகு. அதுலதான் ஆரம்பிச்சேன்."

போதும் எனக்கு. மெட்ராஸுக்குப் போனில் அதையே சொல்லச் சொன்னேன். வரைந்த படத்தைத் தாளில் எடுத்துப் போயிருந்தேன். வாங்கிப் பார்த்தான்.

"கண்ணு எங்க?"

"நாரைக்குக் கண்ணு கெடையாது."

"கீழ நின்னு பாத்தவுகளுக்குக் கெடையாது. கறுப்புக் கண்ணு. ரெண்டு தடவ பூசியும் தெரிஞ்சுச்சு. மூணாவது பூசச் சொன்னாக."

"கெடையாது."

"நான் மறைச்ச நாரைக்குக் கண்ணு இருந்துச்சு பாய். கண்ணு இல்லாததுக்கு நான் சாட்சி சொல்ல மாட்டேன்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பஸ் ஏறினேன். வீட்டுப் பக்கம், செக்காலையில் இறங்கும்போது நல்ல மழை. நனைந்தேன்.

8-11-98, ஞாயிறு

தும்மல். கஷாயம்.

"அலகுக்கு மட்டும் அவன் நல்ல சாட்சி, கண்ணுக்குப் பொய் சாட்சியா?" கஷாயத்தைக் கொடுத்துக்கொண்டே கேட்டாள்.

கண் இருந்ததாக எனக்கு நினைவில்லை. இப்போதும் இல்லை. ஆனால் மூன்றாவது பூச்சை எவனும் கற்பனை செய்து சொல்ல மாட்டான்.

மாலை, கறுப்பில் ஒரு புள்ளி வைத்தேன். இரண்டு பக்கமும். புதுவயல் மில்லுக்குப் போன் செய்து, கண் வைத்தாயிற்று என்று மட்டும் அந்தோணியிடம் சொல்லச் சொன்னேன்.

9-11-98, திங்கள்

வெயில். அந்தோணி காலையிலேயே வந்துவிட்டான். சட்டை புதிது. மெட்ராஸுக்குப் போன் போட்டுக் கொடுத்தேன். அலகு, சாரம், கண் எல்லாம் சொன்னான். ரமணன் என்னிடம், "சேர்த்துடறோம் சார். உங்க விமானத்தோட முகப்புப் படத்துல சாட்சின்னு அவர் பேரும் வரணும்" என்றார்.

விதி. சரி.

விமானத்தைத் திருப்பி வலப்பக்கம் காட்டினேன். நாற்காலியில் உட்காராமல் நின்றே பார்த்தான்.

"வெள்ள நல்லா அடிச்சிருக்கீக பாய். நான் அடிச்சது திட்டுத் திட்டா இருந்துச்சு."

சிரிக்கவில்லை. நானும்.

முகப்புப் படத்தில் என் பெயருக்குக் கீழே 'பார்த்துச் சொன்னவர்: அந்தோணி, லோடர்' என்று அடித்தேன். காபி கொண்டுவந்தவள் குனிந்து பார்த்தாள்.

"இது என்ன, எறும்பு ஊருது?"

அந்தோணி காபியை ஆற்றிக்கொண்டிருந்தான்.

அவன் பெயரின் எழுத்தை ஓர் அளவு கூட்டினேன். என்னுடையதைவிட இன்னும் சிறிதுதான்.