அப்பா எழுதும் நாலு வரி

லீசெட்
1945 ஆகஸ்ட் 20, திங்கள்

அன்பு மகன் ஹல்வோருக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் பசு டாக்ரோஸும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று படுக்கும்போதும் எழும்போதும் கர்த்தரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நீ அனுப்பிய பார்சல் வந்து சேர்ந்தது. ஐந்து வருஷமாகப் பார்லியையும் பட்டாணியையும் கருக வறுத்து இடித்துக் குடித்துவிட்டு அதற்குக் காப்பி என்று பெயர் வைத்திருந்தோம், நிஜமான காப்பிக்கொட்டையைக் கையில் அள்ளியபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. வறுக்க ஆரம்பித்த உடனே பக்கத்துப் பண்ணை மாலேனா வேலியைத் தாண்டி வந்துவிட்டாள். என்ன ராக்னா, ஊர் திரும்பின ராஜா உங்க வீட்டுலதான் இறங்கியிருக்காரா, வாசனை எங்க மாட்டுக்கொட்டகை வரைக்கும் வருதே என்றாள். அவளுக்கு இரண்டு கோப்பை கொடுத்தேன், மூன்றாவது கேட்டாள், அதையும் கொடுத்தேன். கம்பளிக் காலுறையை அப்பா எடுத்து வைத்திருக்கிறார், குளிர் வந்த பிறகுதான் போடுவாராம். வைக்கோல் பாதி காய்ந்துவிட்டது, உருளைக்கிழங்கு இந்த வருஷம் பரவாயில்லை, கூரையின் வடக்கு மூலை ஒழுகுகிறது. உனக்குப் பல்வலி இன்னும் இருக்கிறதா, கப்பலில் கிடைக்கும் சர்க்கரையை எல்லாம் வாயில் போட்டுக்கொள்ளாதே.

இனி உன் கடிதத்துக்கு வருகிறேன். மூன்று பக்கம் எழுதியிருந்தாய், நியூயார்க் கட்டடங்களைப் பற்றியும் அந்தப் பெண் லூயிஸ் செய்யும் ஆப்பிள் பணியாரத்தைப் பற்றியும் எழுதியதெல்லாம் சந்தோஷமாகத்தான் படித்தேன். கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தாயே, அதைப் படித்துவிட்டு அடுப்பில் இருந்த பாலை மறந்து பொங்கவிட்டேன். அப்பா அந்தக் காகிதத்துல கையெழுத்துப் போட்டாரா இல்லையா, அதை மட்டும் நேராச் சொல்லு, போட்டிருந்தா நான் ஊர்ப்பக்கமே வர்றதா இல்ல, என்று. உன் கூடக் கப்பலில் வேலை செய்யும் தொரால்ப் சொன்னானாம், மற்ற வாத்தியார்கள் ஜெர்மன்காரர்களின் முகாமிலிருந்து பனி விழும் காலத்தில் வந்தபோது உன் அப்பா கோடை முடிவதற்குள்ளேயே வீட்டுக்கு வந்துவிட்டார் என்று. அது உண்மைதான், வந்தார். அப்புறம் நீ போட்ட கணக்கு, அப்பா மாதாமாதம் எழுதும் கடிதம் நாலே வரி, அதிலும் வானிலையும் பசுவும்தான், மனசில் குற்றம் இருப்பவன்தான் இப்படிச் சுருக்கமாக எழுதுவான் என்று. மகனே, ஐந்து வருஷம் கடலில் இருந்ததில் நம் ஊர் மனுஷர்கள் எப்படிப்பட்டவர்கள் என்பதே உனக்கு மறந்துவிட்டது. நம் வீட்டு நல்லதை நாமே வாயால் சொன்னால் நாக்கு புண்ணாகிவிடும் என்று நினைக்கிற ஜனம் இது. இங்கே ஊரில் எல்லோருக்கும் தெரியும் என்பதால் யாரும் பேசுவதில்லை, பேசாததால் உனக்கு மட்டும் தெரியவில்லை. அதனால் இந்த ஒரு தடவை நான் நாக்கு புண்ணானாலும் பரவாயில்லை என்று எழுதுகிறேன். அப்பாவுக்குத் தெரியாது, அவர் மாலேனா வயலில் வைக்கோல் புரட்டிக்கொண்டிருக்கிறார்.

உன் அப்பா எப்படிப்பட்டவர் என்று உனக்கும் தெரியும் எனக்கும் தெரியும். மாலேனாவின் காளைக்குப் பயந்து கால் மைல் சுற்றிப் பள்ளிக்குப் போகிறவர், ஏரி உறைந்து எல்லோரும் குதிரைவண்டி ஓட்டிய பிறகும் இன்னும் ஒரு வாரம் போகட்டுமே என்பவர், படுத்த பிறகு கதவு தாழ்ப்பாளைப் பார்க்க எழுந்து போகிறவர். ஜெர்மன்காரர்கள் பள்ளத்தாக்கில் நுழைந்த வாரம் அவர்களிடம் பள்ளிக்கூடச் சாவியைக் கொடுத்தார் என்று நீ அவரைப் பயந்தாங்கொள்ளி என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டு மேற்குக் கரைக்குப் போய்ப் படகு ஏறினாய். உள்ளே பிள்ளைகள் இருந்தார்கள் ஹல்வோர், துப்பாக்கியோடு நின்றவர்களிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் பிள்ளைகளைப் பின்வாசல் வழியாக வீட்டுக்கு அனுப்பினார். அதையும் அவர் உன்னிடம் சொல்லவில்லை, நீயும் கேட்கவில்லை.

நாற்பத்திரண்டாம் வருஷம் குளிர்காலத்தில் தலைநகர் ஆஸ்லோவில் ஜெர்மன்காரர்கள் ஆட்சியில் உட்கார வைத்திருந்த நம் நாட்டுத் துரோகிகளிடமிருந்து ஓர் உத்தரவு வந்தது. வாத்தியார்கள் எல்லோரும் புதுச் சங்கத்தில் சேர வேண்டும், அவர்கள் சொல்வதைத்தான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும், பத்து வயசு ஆன பிள்ளைகளைச் சீருடை மாட்டி அவர்களுடைய படையணியில் விட வேண்டும். ஒரு சின்னக் கையெழுத்துதானே என்று தோன்றும். பிள்ளைகளைக் கொடுத்தால் அடுத்து அவர்களையே ரஷ்யாவுக்குச் சண்டைக்குக் கேட்பார்கள் என்பது எல்லோருக்கும் விளங்கியது. கூட்டம் கிடையாது, பத்திரிகை கிடையாது, ரேடியோவைப் பிடுங்கிவிட்டார்கள், ஆனாலும் நாட்டில் இருந்த வாத்தியார்களில் முக்கால்வாசிக்கு மேல் ஆளுக்கு ஒரு காகிதத்தில் ஒரே வாக்கியத்தை எழுதிப் பெயரும் போட்டு அனுப்பினார்கள், என்னால் முடியாது என்று. அப்பா அதைச் சமையலறை மேசையில் உட்கார்ந்து அந்த முத்து முத்தான எழுத்தில் எழுதினார். எழுதிவிட்டு, ராக்னா, இதுல புள்ளி சரியா இருக்கான்னு பாரு என்று என்னிடம் நீட்டினார்.

உடனே அவர்கள் எல்லாப் பள்ளியையும் மூடினார்கள், காரணம் என்ன சொன்னார்கள் தெரியுமா, விறகு இல்லையாம். சுற்றிலும் காட்டைத் தவிர வேறொன்றும் இல்லாத நாட்டில் விறகுப் பஞ்சம். மறுநாள் காலையில் நம் பள்ளி வாசலில் மாலேனா ஒரு வண்டி பிர்ச் விறகைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, பாவம், பெரிய மனுஷங்களுக்குக் குளிருதாம் என்றாள். சாயங்காலத்துக்குள் விறகு ஜன்னல் மட்டத்துக்கு ஏறிவிட்டது, கொடுத்தது யார் யார் என்று யாரும் சொல்லவில்லை. அப்புறம் தாய்மார்களும் தகப்பன்மார்களும் எழுத ஆரம்பித்தோம், எங்கள் பிள்ளைகளைத் தர மாட்டோம் என்று. பள்ளிக்குப் போகிற பிள்ளை எனக்கு இல்லை, நானும் எழுதினேன். இரண்டு லட்சம் கடிதம் போனதாக இப்போது சொல்கிறார்கள். நீ இருக்கும் அந்த ஒரு ஊரின் ஜனத்தில் பாதிகூட இல்லாத நாடு நம்முடையது, அதில் இத்தனை பேருக்குப் பேனாவைத் தவிர வேறு ஆயுதம் இல்லாமலே இத்தனை துணிச்சல் எங்கிருந்து வந்தது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

மார்ச்சில் ஒருநாள் காலைச் சாப்பாட்டு நேரத்தில் எங்கள் ஊர்ப் போலீஸ் அதிகாரி வந்து வாசலில் நின்றார். வாத்தியாரே, கிளம்பணும், கம்பளி உடுப்பு எடுத்துக்குங்க என்றார். நான் அப்பாவுக்கு வழியில் சாப்பிட ரொட்டியில் ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி வைத்துத் தாளில் மடித்துக் கட்டும்வரை அந்த ஆள் நம் சமையலறை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், அடுப்பில் காப்பி இருந்தது, கொடுக்கவில்லை. எனக்குக் கல்யாணம் ஆனதிலிருந்து அந்த பெஞ்சில் உட்கார்ந்து காப்பி குடிக்காமல் எழுந்து போன ஒரே ஆள் அவர்தான், அவருக்கும் அது உறைத்திருக்கும், தொப்பியைப் பிசைந்துகொண்டே இருந்தார். நாடு முழுக்க அப்படி ஆயிரம் பேரைப் பிடித்தார்கள். தெற்கே ஒரு முகாமில் வைத்து வயசானவர்களையும் உருகிய பனிச்சேற்றில் வயிற்றால் ஊர்ந்து போக வைத்தார்களாம், ஊர்ந்து முடித்ததும் காகிதத்தை நீட்டுவார்களாம், கையெழுத்துப் போடுறவன் இன்னைக்கே வீட்டுக்குப் போகலாம் என்று. மாலேனாவின் தம்பி அமுண்டும் அப்பாவோடு இருந்தான், அவனும் வாத்தியார்தானே. அவன் போட்டான். வீட்டில் ஆறு பிள்ளைகள், நெஞ்சு வலி வேறு. உன் அப்பா போடவில்லை ஹல்வோர். முதல் நாளும் போடவில்லை, கடைசி நாளும் போடவில்லை. இது என் வாய்மொழி இல்லை, பக்கத்தில் சேற்றில் கிடந்த அமுண்ட் வீட்டுக்கு வந்து என் முகத்தைப் பார்க்க முடியாமல் அடுப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னது. உன் அப்பா ஒரு நாளும் பயப்படவில்லை.

ஏப்ரலில் அவர்களை மாடு ஏற்றும் ரயில் பெட்டிகளில் அடைத்து வடக்கே அனுப்பினார்கள், ரயில் நம் ஸ்டேஷன் வழியாகத்தான் போக வேண்டும். டெலிபோன் இணைப்புக் கொடுக்கும் பெண்கள் ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் செய்தியைக் கடத்திவிட்டார்கள். பிளாட்பாரத்துக்குப் போகக் கூடாது என்று உத்தரவு. நான் போனபோது ஊரே அங்கே நின்றது. பிள்ளைகள் எல்லோரும் சிவப்புக் கம்பளிக் குல்லாய் போட்டிருந்தார்கள். எதிர்ப்புக்கு அடையாளம் என்று அந்தக் குல்லாயை அப்போதுதான் தடை செய்திருந்தார்கள், தெருவில் கண்டால் பறித்துக்கொள்வார்கள். அன்றைக்கு வெள்ளைப் பனியில் பிளாட்பாரம் முழுக்கச் சிவப்பு. காப்பி கிடைக்காத அதே போலீஸ் அதிகாரி ஓரமாக நின்று தன் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார். ரயில் நிற்கவில்லை, மெதுவாகத்தான் போனது. யாரும் கத்தவில்லை, பிள்ளைகள் நம் நாட்டுப் பாட்டைப் பாடினார்கள், நாங்கள் மடித்து வைத்திருந்த ரொட்டிப் பொட்டலங்களைக் கதவு இடுக்குகளுக்கு எறிந்தோம். ரேஷனில் வாரத்துக்கு ஒரு ரொட்டி வாங்கிக்கொண்டிருந்தவர்கள் எறிந்தது அது. நானும் எறிந்தேன், எந்தப் பெட்டியில் அவர் என்று தெரியாமல் எறிந்தேன். அப்போது ஒரு பெட்டிக்குள்ளிருந்து யாரோ அந்தப் பாட்டின் அடுத்த அடியை எடுத்தார்கள், பிறகு எல்லாப் பெட்டிகளும் பாடிக்கொண்டே வளைவு திரும்பிப் போய்விட்டன. ஒரு நாடு என்றால் என்ன என்று என்னை யாராவது கேட்டால் அந்தப் பிளாட்பாரத்தைத்தான் சொல்வேன்.

வடகோடியில் கிர்கெனெஸ் துறைமுகத்தில் அவர்களைக் கப்பல் சரக்கு இறக்க வைத்தார்கள், அட்டைக் கூடாரத்தில் படுக்க வைத்தார்கள், மேலே ரஷ்ய விமானங்கள் குண்டு போட்டன. ரஷ்யக் கைதிகள் பக்கத்தில் இவர்களைவிடப் பட்டினி கிடந்தார்களாம், அதைப் பற்றி மட்டும் அப்பா தூக்கத்தில் பேசுவார். ஜூலையில் ஒரு பீப்பாய் உருண்டு அவர் வலது கையை நசுக்கியது. மூன்று விரல்களை எடுத்துவிட்டார்கள், காய்ச்சலில் பிழைப்பாரா என்றே தெரியாமல்தான் சீக்காளிகளின் முதல் கப்பலில் ஏற்றி அனுப்பினார்கள். தொரால்ப் சொன்ன அந்தக் கோடை முடிவு இதுதான். உனக்கு அவர் எழுதும் நாலு வரி இடது கையால் எழுதுவது மகனே. இடது கையால் எழுதாதே என்று உன் விரல் முட்டியில் தட்டின அதே மனுஷர் இப்போது சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து, வேர்த்து, அந்த நாலு வரியை எழுதுகிறார். கோணலாக வந்தால் கிழித்துவிட்டு மறுபடி எழுதுகிறார், உன்னிடம் அசிங்கமான எழுத்து போகக் கூடாதாம்.

பள்ளிக்குத் திரும்பின முதல் நாள் கரும்பலகையில் தேதியை எழுதினாராம், அது மலைப்பாதை மாதிரி ஏறி இறங்கிப் போயிருக்கிறது. ஒரு பிள்ளைகூடச் சிரிக்கவில்லை. எல்லாப் பிள்ளைகளும் அதே கோணலோடு தங்கள் சிலேட்டில் எழுதிக்கொண்டார்கள் என்று கீழ்வகுப்பு டீச்சர் எனக்குச் சொன்னாள். அந்தச் சங்கம் கடைசிவரை எழும்பவே இல்லை, கைவிட்டுவிட்டார்கள். பெரிய பட்டாளம் வைத்திருந்தவர்களுக்கு நம் பள்ளிக்கூடத்தின் கதவுக்குள் மட்டும் நுழைய முடியவில்லை. இதெல்லாம் பிற்காலத்தில் பாடப்புத்தகத்தில் வரும் என்று ஆஸ்லோவிலிருந்து வந்த இன்ஸ்பெக்டர் சொன்னார். அதற்கு அப்பா, வந்தால் எழுத்துப்பிழை இல்லாமல் அச்சடிக்கட்டும் என்றார்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். கப்பலிலிருந்து இறங்கி வந்தவர் கைக்கட்டோடு முதலில் போனது அமுண்ட் வீட்டுக்கு. அவனை யாரும் சர்ச்சில் பக்கத்தில் உட்கார விடாமல் இருந்த நேரம் அது. ஞாயிற்றுக்கிழமை இவர் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தார், பாட்டுப் புத்தகத்தை நீயே புரட்டுப்பா, என் கை சரியில்ல என்றார். தன் கதையைச் சொன்னால் அது அமுண்டின் கதையையும் சொன்னதாகிவிடும் என்றுதான் அவர் உனக்குக்கூடச் சொல்லவில்லை. நீயும் யாரிடமும் அமுண்டைப் பற்றிப் பேசாதே, தொரால்ப்பிடமும்தான்.

நீ இரண்டு தடவை குண்டுபட்ட கப்பலிலிருந்து தப்பினவன், உன்னை வீட்டுக்கு வா என்று உத்தரவு போட எனக்கு வாயில்லை. ஆனால் நீ கேட்டதற்குப் பதில் எழுதிவிட்டேன். லூயிஸையும் அழைத்துவரலாம், அந்தப் பெண்ணுக்கு ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி பிடிக்காவிட்டால் வற்புறுத்த மாட்டேன். கர்த்தர் கடலிலும் கரையிலும் உன்னோடு இருப்பாராக, உன் கைகால் சுகமாக இருக்கட்டும். வடக்கு மூலை ஒழுகுவதை நினைவில் வை, உன் அப்பாவால் ஒற்றைக் கையோடு ஏணி ஏற முடியாது, ஆனால் ஏறுவார். அமெரிக்க முகவரி எனக்கு எழுத வராது, உறையின்மேல் மட்டும் அவரை எழுதச் சொல்கிறேன், கடிதத்தைப் பிரிக்கக் கூடாது என்றும் சொல்வேன்.

என்றும் உன்னை நினைத்திருக்கும் அம்மா,
ராக்னா

மகனே, பிரித்துவிட்டேன். அம்மா எழுதியதில் ஒரு பிழை இருக்கிறது.
நான் ஒரு நாளும் பயப்படவில்லை என்று எழுதியிருக்கிறாள்.
எல்லா நாளும் பயந்தேன். அது உன்னிடம் சரியாகப் போய்ச் சேர வேண்டும்.
வைக்கோல் காய்ந்துவிட்டது. வீட்டுக்கு வா. அப்பா.