ஆயா முடித்த பாடங்கள்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உன் நலத்தை நான் வாங்கித் தந்த கைக்கடிகாரம் தினமும் என் போனுக்குச் சொல்லிவிடுகிறது. நேற்றுகூட ஒன்பதாயிரம் அடி நடந்திருக்கிறாய். மூட்டு வலி விட்டதே, பெரிய நிம்மதி.

டேப்லெட் வாங்கும் பள்ளிகளில் பிள்ளைகள் அதனால் உண்மையிலேயே படிக்கிறார்களா என்று பார்த்துச் சொல்வதுதானே என் பிழைப்பு? போன வாரம் ஒரு பள்ளிக்குப் போனேன். “ஒவ்வொரு பிள்ளையும் தினம் ரெண்டு மணி நேரம் படிக்குது சார்” என்று, டேப்லெட்டில் பதிவான நேரத்தை வைத்து விற்பனை ஆள் கலர் கலராகப் படம் காட்டினான். தலைமையாசிரியர் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். வகுப்பில் ஒரு டேப்லெட்கூட இல்லை. பிள்ளைகள் உடைத்துவிடுவார்களாம்! ஸ்டோர் ரூமில் நாற்பதும் வரிசையாகக் கிடந்தன. துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, ஆயா ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போனார்.

“தட்டலேன்னா அணைஞ்சுடுது தம்பி. அணைஞ்சா ஹெட்மாஸ்டர் கத்துறாரு.”

இந்த லட்சணத்துக்கு வாசலில் விருது பேனர் வேறு! அறிக்கையில் கிழித்துத் தொங்கவிட்டேன். “படம் நல்லாத்தானேய்யா இருக்கு?” என்கிறார் என் மேலதிகாரி. அந்த மூளைக்கு ஒரு கும்பிடு.

இங்கே சாப்பாட்டுக்குக் குறையில்லை, பேசத்தான் ஆளில்லை. இரண்டு சட்டைக்குப் பொத்தான் போய்விட்டது. நீ தைக்கும் தடித்த நூலில் கொஞ்சம் அனுப்பு.

அவசரமாகக் கிளம்புகிறேன். ஒன்று மட்டும் சொல். இப்போதுதான் போனில் பார்த்தேன், அந்த ஒன்பதாயிரம் அடியும் சாயங்காலம் ஒரே மணி நேரத்தில் விழுந்திருக்கிறது. கடிகாரம் உன் கையில் இருக்கிறதா, விளையாடப் போகும் அக்கா மகள் கையிலா? மூட்டு எப்படி இருக்கிறதென்று நீயே எழுது.

உன் மகன்