நாற்பத்து மூன்று வயதில் மாப்பிள்ளையாகப் போவது

18 அக்டோபர் 2024, வெள்ளி

சுரக்குடியில் ஒரு வீட்டு ஏசிக்கு கேஸ் ஏற்றிக்கொண்டிருந்தேன். மனைவி ரஹ்மியிடமிருந்து போன். வேலை நேரத்தில் அவள் கூப்பிடவே மாட்டாள். இந்தோனேசியாவில், புக்கிட்டிங்கியில், மாமியார் குளியலறையில் விழுந்துவிட்டாராம். பக்கவாதம். வலது கையும் காலும் அசைவில்லை, பேச்சும் குழறுகிறது.

நான் வீடு வந்து சேர்வதற்குள் அவள் அழுது முடித்திருந்தாள். மகள் இஃபாத்துக்குத் தலை பின்னிக்கொண்டே சொன்னாள்: "நான் போகணும், சஃபி. பார்த்துட்டு வர்றதுக்கு இல்ல. அங்கேயே இருக்கறதுக்கு."

"போவோம்" என்றேன். யோசிக்கவே இல்லை. ஒரு ஸ்க்ரூ டிரைவர் வாங்கவே மூன்று கடை ஏறி இறங்குகிறவன் நான். இதை மட்டும் ஏன் இப்படிச் சட்டென்று சொன்னேன்?

20 அக்டோபர்

யோசிக்க வேண்டியதை இப்போதுதான் யோசிக்கிறேன்.

ரஹ்மிக்கு மூன்று அண்ணன்கள். ஆனால் அவர்கள் ஊரில் வீடு பெண்ணுக்கு. கல்யாணம் ஆனால் ஆண்தான் பெண் வீட்டுக்குப் போய் இருக்க வேண்டும். அண்ணன்மார் மூவரும் அவரவர் மனைவி வீட்டில். தாயைப் பார்ப்பதும் அந்த வீட்டை ஆள்வதும் ரஹ்மியின் பொறுப்பு. பத்து வருடம் முன்பு அபுதாபியில், ஒரே ஆஸ்பத்திரியில் அவள் நர்ஸாகவும் நான் ஏசி டெக்னீஷியனாகவும் இருந்தபோது, இதைச் சொல்லித்தான் முதன்முதலில் இருவரும் சிரித்தோம். ஏனென்றால் காரைக்காலில் எங்கள் குடும்பங்களிலும் அதேதான். உம்மாவின் வீடு தங்கச்சி நௌஷினுக்கு. நான் பிறந்து வளர்ந்த வீட்டில் எனக்கு ஒரு செங்கல்கூடக் கிடையாது.

என் மாமியார் வீடு சுமத்ராவில் இருந்ததால் ஐந்து வருடமாக இங்கே வாடகை வீட்டில் தப்பித்துக்கொண்டிருந்தேன். இப்போது பிடிபட்டேன்.

22 அக்டோபர்

புக்கிட்டிங்கி மலை ஊர். பகலிலேயே இருபத்து மூன்று டிகிரியாம். பல வீடுகளில் ஃபேன்கூடக் கிடையாதாம். நான் ஏசி மெக்கானிக்.

25 அக்டோபர், வெள்ளி

ஜும்மா முடிந்து வழக்கம்போல் வாப்பாவைப் பார்க்க உம்மா வீட்டுக்குப் போனேன். இன்று அவரைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தேன்.

எழுபத்தாறு வயது. நாற்பத்தைந்து வருடம் அந்த வீட்டு மாப்பிள்ளையாக இருந்தவர். உம்மா மௌத்தாகி மூன்று வருடம் ஆகிறது. இன்னும் வாசலில் நின்று ஒரு முறை செருமிவிட்டுத்தான் உள்ளே நுழைகிறார். செருப்பைச் சுவரோரம் ஒடுக்கி வைக்கிறார். ஃப்ரிட்ஜை அவர் கையால் திறந்து நான் பார்த்ததில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் யாராவது அந்தப் பக்கம் வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சோற்றுக்கு ஊற்றும் ஆணத்தில் உப்பு இல்லை என்று ஒருநாளும் சொன்னதில்லை. உம்மாவின் நாற்பதாம் நாள் பாத்திஹா முடிந்த மறுநாள், பையைக் கட்டிக்கொண்டு நின்றார். நௌஷின்தான் பிடுங்கி உள்ளே வைத்தாள். அவரை யாரும் போகச் சொல்லவில்லை. அவராகவே கிளம்பியிருக்கிறார்.

சின்ன வயதில் அதெல்லாம் எனக்கு மரியாதையாகத் தெரிந்தது. இன்று பார்க்கப் பயமாக இருந்தது. நான் அங்கே போய் இப்படித்தான் ஆவேன், அதுவும் பாஷை தெரியாமல்.

விஷயத்தைச் சொன்னேன். "பொண்டாட்டி வூட்டுக்குத்தானே போறே. போயிட்டு வா" என்றார். போய்விட்டு வருவதா? அவருக்குப் புரிந்ததா இல்லையா?

6 நவம்பர்

விசா படிவம். எனக்குப் பொறுப்பேற்பவர் என்ற இடத்தில் ரஹ்மியின் பெயர். வேலை பார்க்க வேண்டுமென்றால் அதற்கு வேறு அனுமதியாம். கையெழுத்துப் போடும்போது உள்ளங்கை வியர்த்து மை பரவிவிட்டது. மறுபடி ஒரு தாள் பிரிண்ட் எடுத்தேன்.

8 நவம்பர், வெள்ளி

இன்று வாப்பா தெருமுனை வரை என்னோடு நடந்து வந்தார். அப்படி வருகிறவர் இல்லை. முனையில் நின்று, மெதுவாக, "நானும் ஒன்கூட வரவா?" என்றார்.

"பார்ப்போம் வாப்பா" என்று சொல்லிவிட்டு பைக்கை உதைத்துக் கிளம்பிவிட்டேன்.

வீடு வரும்வரை அதே யோசனை. வாழ்நாளெல்லாம் எதையுமே கேட்காத மனிதர். அந்த வீட்டில் என்ன பாடு பட்டால் இதைக் கேட்டிருப்பார்? நௌஷின் மாப்பிள்ளை இக்பால் மச்சான் ஏதாவது சொல்லியிருப்பாரோ? அவர் போன் பேசினால் தெருவுக்கே கேட்கும். அப்படிப்பட்ட குரலுக்குப் பக்கத்தில் வாப்பா மாதிரி ஒரு மனிதர் எப்படி இருப்பார்?

11 நவம்பர்

எழுதவே வெட்கமாக இருக்கிறது. வாப்பா அப்படிக் கேட்டதிலிருந்து எனக்குள் ஒரு நிம்மதி. போகாமல் இருக்க ஒரு காரணம் கிடைத்துவிட்டது. யாரும் குறை சொல்ல முடியாத காரணம்.

13 நவம்பர்

ரஹ்மியிடம் சொன்னேன். வாப்பாவை இந்த நிலைமையில் விட்டுவிட்டு எப்படி வருவது, நீ முன்னால் போ, ஒரு வருடம் போகட்டும் என்று. அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். கடைசித் துணியையும் மடித்து வைத்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"நீ பயப்படறே. பயம்னு சொல்லு, நான் கேட்டுக்கறேன். வாப்பா பேரைச் சொல்லாதே."

கத்திவிட்டேன். எனக்கென்ன பயம், நான் என்ன சின்னப் புள்ளையா, எல்லாத்துக்கும் நான்தான் விட்டுக்குடுக்கணுமா, ஒன் உம்மா மட்டும்தான் உம்மாவா, என் வாப்பா வாப்பா இல்லையா— பக்கத்து வீட்டு ஷஃபீனா எட்டிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினேன். இஃபாத் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு ஓடிவிட்டாள். ஏழு வயசுப் பிள்ளை. என்ன நினைத்திருக்கும்.

14 நவம்பர்

ரஹ்மி தனியாகப் போய் வாப்பாவிடமே கேட்டிருக்கிறாள். "நானா? நான் எப்பம்மா கேட்டேன்? அவன் சரியா காதுல வாங்கியிருக்க மாட்டான்" என்றாராம். வந்து என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

வாப்பா பொய் சொல்கிறார். மருமகளிடம் கேட்கக் கூச்சம், அதுதான். ஆனால் ரஹ்மிக்கு இப்போது பொய் சொல்கிறவன் நான்.

28 நவம்பர், வியாழன்

திருச்சி ஏர்போர்ட்டில் விட்டுவிட்டு வந்தேன். விடாத மழை. கோலாலம்பூர் போய் அங்கிருந்து பாடாங், பிறகு மலைக்குக் கார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போவதற்கு முன்னால் இஃபாத் கேட்டாள், "நீங்க எப்ப வாப்பா?"

"கடையை ஒழிச்சுட்டு வர்றேம்மா."

கடையில் ஒழிக்க என்ன இருக்கிறது? இரண்டு கேஸ் சிலிண்டர், ஒரு வேக்குவம் பம்ப், ஒரு ஏணி.

5 டிசம்பர்

ஒர்த்தான்ஸ் அம்மா வீட்டு ஏசி சர்வீஸ். கல்யாணமாகி பிரான்ஸுக்குப் போய் முப்பது வருடம் இருந்துவிட்டு வந்தவர். புருஷன் வழியில் பிரெஞ்சுக் குடியுரிமை. ஏணி மேல் நின்றுகொண்டு, சும்மா கேட்பதுபோல், போன புதிதில் பயமாக இல்லையா என்று கேட்டேன்.

"பயமா? மொத குளிருக்கே ஓடி வந்துடலாம்னு பெட்டியக் கட்டிட்டேன் தம்பி. ஊர்ல என்ன சொல்வாங்களோன்னு வெக்கமா இருந்துச்சு. அப்படியே இருந்துட்டேன்."

"அப்புறம் பழகிடுச்சா?"

"எங்க பழகுச்சு? புள்ளைங்க பொறந்துடுச்சு, அதப் பாக்கவே நேரம் பத்தல. அந்த ஃபில்டர நல்லாத் தட்டுங்க, தூசி எல்லாம் கட்டில்ல விழுது."

இதற்குக் கேட்காமலே இருந்திருக்கலாம்.

12 டிசம்பர்

விசா வந்துவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை.

20 டிசம்பர், வெள்ளி

மனசை ஒரு மாதிரி திடப்படுத்திக்கொண்டு இக்பால் மச்சானின் துணிக்கடைக்குப் போனேன். வாப்பாவை என்னோடு கூட்டிப்போகிறேன், இல்லாவிட்டால் நான் இங்கேயே அவரோடு வாடகை வீட்டில் இருக்கிறேன் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவதாகத் திட்டம். சொன்னேன். அந்த வீட்டில் வாப்பா சந்தோஷமாக இல்லை என்பதையும் சொன்னேன்.

மச்சான் கடைப் பையனை டீ வாங்க அனுப்பிவிட்டு, என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"மாமாவக் கூட்டிட்டுப் போயிடாதீங்க மச்சான். அப்புறம் அந்த வூட்ல நான் ஒத்தை ஆளாயிடுவேன்."

எனக்கு விளங்கவில்லை.

"நானும் மாப்பிள்ளதானே அங்க? நான் போன்ல கத்துறேன் கத்துறேன்னு எல்லாரும் சொல்றீங்க. எங்க நின்னு கத்துறேன்? வாசல்ல நின்னு. உள்ள நான் பேசி நீங்க கேட்டிருக்கீங்களா? நௌஷின் நல்ல பொண்ணுதான், ஒரு குறையும் சொல்ல முடியாது. இருந்தாலும் அது அவங்க வூடு. நானும் மாமாவும் டெய்லி அஸர் தொழுதுட்டு பீச்சுக்குப் போயி ஒரு மணி நேரம் உக்காந்துட்டு வர்றோம். எட்டு வருசமா. நௌஷின் நான் கடையில இருக்கேன்னு நெனச்சுக்கிட்டு இருக்கு."

"என்ன பேசுவீங்க?"

"என்னத்த பேசுறது. மீன் வெல பேசுவோம். வூட்டுப் பொம்பளைங்களப் பத்திப் பேசுவோம்."

அப்படியென்றால் என்னோடு வரவா என்று ஏன் கேட்டார் என்றேன். மச்சான் டீ வருகிறதா என்று வாசலை எட்டிப் பார்த்தார். பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார்: "என்கிட்ட மொதல்ல கேட்டாங்க. 'அவன் பயந்தாங்கொள்ளி, புது எடத்துல தெகச்சுப் போயிடுவான், கூடப் போயி ரெண்டு மாசம் இருந்துட்டு வரவா'ன்னு. தப்பா நெனச்சுக்காதீங்க."

டீ வந்தது. குடித்தேன் என்று நினைக்கிறேன்.

21 டிசம்பர்

ஆக, வாப்பா எனக்காகத்தான் கேட்டிருக்கிறார். ரஹ்மி முன்னால் என்னை விட்டுக்கொடுக்கக்கூடாது என்றுதான் கேட்கவே இல்லை என்றிருக்கிறார். நான் அவருக்காகப் பரிதாபப்பட்டுக்கொண்டிருந்த ஆறு வாரமும் அவர் எனக்காகப் பரிதாபப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

இனிச் சொல்லச் சாக்கு எதுவும் இல்லை. வெறும் பயம்தான் மிச்சம்.

ரஹ்மியைக் கூப்பிட்டேன். "எனக்குப் பயமா இருக்கு" என்றேன். பெண்டாட்டியிடம் இதைச் சொல்ல நாற்பத்து மூன்று வயது ஆகியிருக்கிறது.

"தெரியும். டிக்கெட் போடு" என்றாள்.

16 ஜனவரி 2025

வாப்பாவும் இக்பால் மச்சானும் திருச்சி வரை வந்தார்கள். கார் ஏசியைக் கூட்டுவதா குறைப்பதா என்று வழியெல்லாம் இருவருக்கும் சண்டை. வாப்பா இவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. இறங்கும்போது மட்டும் என் கையை விடாமல் கொஞ்ச நேரம் பிடித்திருந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போன பிறகு இரண்டு முறை பாத்ரூம் போனேன். பாஸ்போர்ட் பையில் இருக்கிறதா என்று ஏழெட்டு முறை தொட்டுப் பார்த்தேன்.

20 ஜனவரி, புக்கிட்டிங்கி

நான் வந்த மூன்றாம் நாளே மாமியார் கேட்டுவிட்டார். குழறலான பேச்சு, அவர்கள் பாஷை, எனக்கு ஒன்றும் புரியவில்லை. ரஹ்மி கஞ்சியை ஊட்டிக்கொண்டிருந்தாள். என்ன கேட்கிறார் என்று நச்சரித்துக் கேட்டேன். "நீ எப்ப திரும்பிப் போவேன்னு கேக்கறாங்க."

1 பிப்ரவரி

தினமும் கேட்கிறார். காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை. இப்போது அந்த வார்த்தைகள் எனக்கே தெரிகின்றன. இங்கே நான் கற்றுக்கொண்ட முதல் வாக்கியம் அதுதான். நடக்கும்போது கால் ஓசை கேட்காமல் நடக்கிறேன். நேற்று பசித்தது, சொல்லவில்லை.

10 பிப்ரவரி

பாஸ்போர்ட்டைக் காணோம். குடியிருப்பு அனுமதிக்கான படிவத்தை நிரப்பும்போது மாமியார் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். அதுவரை இருந்தது. அலமாரி, பெட்டி, சட்டைப் பை, இஃபாத்தின் புத்தகப் பை எல்லாம் கொட்டிப் பார்த்தாயிற்று. அந்நிய நாடு. கையில் ஒரு தாளும் இல்லை. யா அல்லாஹ், நான் எங்கே போய் நிற்பேன்?

13 பிப்ரவரி, வியாழன்

ரஹ்மி சந்தைக்குப் போயிருந்தாள். மாமியாரைப் பத்து மணிக்கு ஒருமுறை ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். அதை நானே செய்தேன். தலையணையைச் சரி செய்ய அடியில் கையை விட்டேன். பாஸ்போர்ட் தட்டுப்பட்டது.

அவர் என்னையே பார்த்தார். இடது கை போர்வையை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. அந்தக் கண்கள் எனக்கு நன்றாகத் தெரிந்தவை. நாலு மாதமாகக் கண்ணாடியில் பார்த்து வருகிறேன். அவர் என்னை விரட்டுவதற்காகக் கேட்கவில்லை. நான் ஒருநாள் கிளம்பினால் மகளும் பேத்தியும் பின்னாலேயே கிளம்பிவிடுவார்களோ என்று கேட்டிருக்கிறார். என்னைப் பார்த்து ஒரு மனுஷி பயந்துபோய்க் கிடந்திருக்கிறார். என்னைப் பார்த்து!

பாஸ்போர்ட்டை இருந்த இடத்திலேயே வைத்து, தலையணையை மேலே நேராகப் போட்டுவிட்டேன். ரஹ்மியிடம் சொல்லவில்லை. திங்கட்கிழமை இமிக்ரேஷன் ஆபீஸுக்கு அது வேண்டும். அன்று காலையில் அவரிடமே கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.