தெளிவாகக் கண்டேன் என்று எழுதிய வரி

அன்பு மகளுக்கு,

இறைவன் திருவருளால் நானும் உன் அம்மாவும் நலமாக இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அவ்வாறே இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டுதான் விடியற்காலைப் பாராயணம் முடித்து நூலை மூடுகிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, ஆனால் மருத்துவர் சொன்ன பயிற்சியைச் செய்வதில்லை, நான் நினைவூட்டினால் நீங்கள் முதலில் உங்கள் மாத்திரையைப் போடுங்கள் என்று என் மேலேயே திருப்பி விடுகிறாள். சமையலறைக் குழாய்க் கசிவு சரியாகிவிட்டது. நீ அனுப்பிய மெய்நிகர்க் கருவி பெட்டி நசுங்காமல் வந்து சேர்ந்தது. நம் ஊர்க் கால்பந்து மன்றத்துச் செயலாளர் வந்து அதை எங்கள் தலையில் மாட்டும் முறையைச் சொல்லிக் கொடுத்தார்.

முதலில் மாட்டிக்கொண்டவள் உன் அம்மாதான். கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தபடியே முப்பத்தொரு வருடத்துக்கு முந்தைய இறுதியாட்டத்துக்குப் போய்விட்டாள். முன்வரிசைக்காரர் கைதட்டியபோது அவருக்கு ஆறு விரல் என்று கண்டுபிடித்தாள். ஆயிரம் பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், ஒருவர்கூட இருமவில்லையே, இது என்ன கூட்டம் என்றும் கேட்டாள். சிரிக்காதே, குறித்துக்கொள், உன் வேலைக்கு உதவும். மற்றபடி நீ செய்திருப்பது பெரிய காரியம். நம் ஊர் ஸ்டூடியோக்காரர் அன்று ஒற்றைக் கேமராவில் பிடித்த மங்கிய காட்சியை வைத்துக்கொண்டு, கேமரா காணாத பக்கங்களையெல்லாம் செயற்கை நுண்ணறிவைக் கொண்டு வரைவித்து, ரசிகன் விரும்பிய இடத்தில், கோல் கம்பத்துக்குப் பின்னால்கூட நின்று பார்க்கலாம் என்று ஆக்கியிருக்கிறாய். ஈரப் புல்லின் மினுக்கத்தைக் கண்டு எனக்கே கால் பரபரத்தது.

இனி எழுதப் போவதைப் பொறுமையாகப் படி. அந்த ஆட்டத்தில் இரு தரப்பும் ஒரு கோல் போட்டுச் சமமாக நின்றபோது, நம் தெருமுனை டயர் கடைக்காரர், அன்று எல்லாரும் அவரைக் கொக்கு என்றுதான் கூப்பிடுவார்கள், தலையால் முட்டிய பந்து மேல்கம்பத்தில் பட்டுக் கீழே விழுந்ததும் கோல்காப்பாளர் அதை வாரி எடுத்ததும் உனக்குத் தெரியும். எல்லைக்கோட்டு நடுவராக நின்ற நான் கோல் இல்லை என்று தலையசைத்தேன். அவர் அணி தோற்றது, பார்க்க வந்திருந்த தேர்வாளர்கள் வேறொருவரை அழைத்துப் போனார்கள். அன்று முதல் நான் கடையைக் கடக்கும்போதெல்லாம் அவர் டயருக்குப் பின்னாலிருந்து, "லைன்ஸ்மேன் ஐயா, கண்ணு தெரியுதா?" என்று குரல் கொடுப்பார். நானும் கையை ஆட்டிவிட்டுப் போவேன். அதுவே எங்களுக்குள் வணக்கம் சொல்லும் முறையாகிவிட்டது.

சென்ற வாரம் செயலாளர் அவரையும் அழைத்து வந்து கருவியை மாட்டினார். கொக்கு நேராகக் கோல் கோட்டுக்கே போய்க் குனிந்து பார்த்தார். நீ ஆக்கிய காட்சியில் பந்து கோட்டுக்கு வெளியே, ஒரு சாண் முன்னால் விழுகிறது. மூன்று முறை பார்த்தார். கருவியைக் கழற்றி வைத்துவிட்டு என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "மன்னிச்சிருங்க ஐயா, இத்தனை வருஷமா வாய்க்கு வந்தபடி பேசிட்டேன்" என்றார். நானும் பரவாயில்லை என்று சொல்லி அந்த மன்னிப்பை வாங்கிக்கொண்டேன். மறுநாள் முதல் என்னைக் கண்டால் எழுந்து நிற்கிறார். அந்த மரியாதை எனக்கு உணவு இறங்காமல் செய்துவிட்டது.

ஏனென்றால், மகளே, அந்தப் பந்து எங்கே விழுந்தது என்பதை நான் பார்க்கவில்லை. ஓட வேண்டிய தூரம் ஓடாமல் பத்தடி பின்தங்கி நின்றேன், தடுப்பாட்டக்காரர் ஒருவரின் முதுகு மறைத்தது. நடுவர் என்னைப் பார்த்தார், மைதானமே என்னைப் பார்த்தது, தெரியவில்லை என்று சொல்ல வெட்கப்பட்டேன். பார்க்காத பந்துக்குக் கோல் கொடுக்கக் கூடாது என்பதே விதி, ஆகவே முடிவு எப்படியும் அதுவாகத்தான் இருந்திருக்கும் என்று இத்தனை காலம் என்னையே சமாதானப்படுத்தி வந்தேன். ஆனால் அன்று மாலை ஆட்ட அறிக்கையில், பந்து கோட்டைக் கடக்காததைத் தெளிவாகக் கண்டேன் என்று கையெழுத்திட்டிருக்கிறேன். இந்தக் காட்சியை ஆக்குவதற்காக நீ கேட்டபோது அந்தத் தாளைப் படமெடுத்து அனுப்பியவனும் நானே. ஸ்டூடியோக்காரரின் கேமராவிலும் கோல்காப்பாளரின் உடல்தான் தெரிகிறது, பந்து தெரியவில்லை. அப்படியானால் உன் இயந்திரத்துக்கு அந்த ஒரு சாண் எங்கிருந்து கிடைத்தது? என் வரியிலிருந்துதான். நான் சொன்ன பொய்யையே வெளிச்சம் போட்டு எனக்குச் சாட்சியாக்கி அது திருப்பித் தந்தது.

நான் நாள்தோறும் படிக்கும் பழம்பாடல்களில், ஏடு செல்லரித்துச் சொல் அழிந்துபோன இடங்கள் உண்டு. பதிப்பித்தவர்கள் யாப்பறியாதவர்கள் அல்லர். ஓசை கெடாமல் நான்கு சீர்களை இட்டு நிரப்ப அவர்களுக்கு ஒரு நொடி போதும், படிப்பவருக்கும் வேற்றுமை தெரியாது. ஆயினும் அங்கே வெறும் புள்ளிகளை வைத்துவிட்டு நகர்ந்தார்கள். எத்தனையோ முறை அந்தப் புள்ளிகளைப் பார்த்து வியந்திருக்கிறேன், என் அறிக்கை மட்டும் நினைவுக்கு வந்ததில்லை.

நேற்று முன்தினம் கடைக்குப் போனேன். ஒரு சக்கரத்துக்குத் திருகு முடுக்கிக்கொண்டிருந்தவர் எழப் போனார், உட்காரச் சொல்லி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கடைசித் திருகையும் முடுக்கினார். பிறகு அப்படியானால் அது கோல்தானா என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். கையைத் துணியில் துடைத்துக்கொண்டே, "தெரியாதுன்னு அன்னைக்கே சொல்லியிருக்கலாமே ஐயா, நான் யாரையும் திட்டாம இருந்திருப்பேன்" என்றார். காட்சியில் அந்த இடத்தை என்ன செய்யச் சொல்லட்டும் என்று கேட்டேன். பந்தை உள்ளேயும் போட வேண்டாம், வெளியேயும் போட வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த சக்கரத்தை எடுத்தார்.

அடுத்த மாதம் மன்றத்தின் புதிய கூடத்தில் இந்தக் காட்சிக்குத் திறப்பு என்பதும், உன் மேலதிகாரிகள் அந்தக் கோல்கோட்டுக் காட்சியைத்தான் பெரிதும் மெச்சினார்கள் என்பதும் தெரியும். அதனால் உனக்கு நேரும் சங்கடத்துக்கு நானே பொறுப்பு. ஆயினும் பந்து கம்பத்தில் பட்டது முதல் காப்பாளர் கையில் எழுவது வரை அந்த இடத்தை வெண்மையாக விட்டுவிடு, யார் எங்கே நின்று பார்த்தாலும் தெரியாதது தெரியாததாகவே இருக்கட்டும். காரணம் கேட்பவர்களிடம் இக்கடிதத்தைக் காட்டு, இதுவே என் திருத்திய அறிக்கை.

இன்று காலையும் கடை வழியாகத்தான் நடந்தேன். கொக்கு எழுந்து நிற்கவில்லை, கண் தெரிகிறதா என்று கேட்கவுமில்லை. நாளையும் அந்த வழியாகவே போவேன்.

உங்கள் மூவருக்கும் நீண்ட ஆயுளும் நிறைந்த மனமும் அருளுமாறு ஆண்டவனைத் தொழுகிறேன். குழந்தைக்கு என் முத்தங்கள். ஆறு விரல்காரரை மறக்காமல் சரிசெய், அம்மா இரண்டு முறை சொல்லிவிட்டாள்.

இப்படிக்கு,
அந்தப் பந்தைக் காணாத எல்லைக்கோட்டு நடுவன்,
உன் அப்பா