தவளைக்கு முன்னால் அவள் சொன்னது

என் மகளோடு மலையேறித் திரிந்த தம்பிக்கு, அவள் அப்பா நான் சொல்லச் சொல்ல, அவள் தங்கை சின்னவள் எழுதுவது. இங்கே நாங்கள் இருக்கிறோம். உங்கள் நெஞ்சுச்சளி குறைந்ததா?

உங்கள் கடிதம் வந்தது. நீங்கள் இருவரும் பார்த்த அந்தக் குட்டித் தவளை புது இனம்தான் என்று பெரிய ஆட்கள் ஒத்துக்கொண்டார்களாம். அதற்கு அவள் பெயரை வைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். அவள் அம்மாவிடம் சொன்னேன். "மாப்பிள்ளை பாக்கலாம்டின்னா தவளை பாக்கப் போனா. இப்ப பேரையும் அதுக்கே குடுத்துட்டாளா" என்றாள். அப்புறம் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு, கழுவிய பாத்திரத்தையே கழுவிக்கொண்டிருந்தாள். மறுநாள்தான் "வைக்கச் சொல்லுங்க" என்றாள். வையுங்கள்.

மண் சரிந்து அவளைக் கொண்டுபோன இடத்திலேயே இப்போது அந்தத் தவளைகள் மறுபடி கத்துகின்றன என்று எழுதியிருந்தீர்கள். அவள் பிடித்துவைத்தது என்று நீங்கள் போனில் அனுப்பிய சத்தத்தைத் தையல் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டேன். கத்தரி நுனியால் மேசையைத் தட்டுவது மாதிரி இருக்கிறது. ஆனால் எடுத்த எடுப்பிலேயே தவளை கத்துகிறது தம்பி.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் காதில் விழுந்தது போகாது. சத்தம் பிடிக்கிற பெட்டி வாங்கிய அன்று அவள் நேரே கடைக்கு வந்தாள். துணி வெட்டும் மேசையில் அதை வைத்து, முதலில் தன் வாயால் சொன்னாள்: "சாயங்காலம் நாலு மணி. தையற்கடை. புழுக்கம். ஒரே ஒரு அப்பா, சத்தம் ஜாஸ்தி." எதுக்கும்மா இது என்றேன். நேரம், இடம், குளிரா வெயிலான்னு முன்னாடி சொல்லாட்டி அந்தச் சத்தம் எதுக்கும் உதவாதுப்பா என்றாள். மலைச் சத்தத்துக்குப் பெட்டியில் இடம் வேண்டும் என்று பிறகு அதை அழித்துவிட்டாள்.

ஆகவே அந்தத் தவளைக்கு முன்னாலும் அவள் பேசியிருப்பாள். எங்களுக்குத் தாங்காது என்று நீங்கள் வெட்டியிருப்பீர்கள். "அதைக் கேக்காதப்பா, அவர் மனசு நொந்துடும்" என்கிறாள் சின்னவள். நீ எழுது என்றேன். தாங்குமா என்று எனக்கும் தெரியாது. வெட்டியதைக் கொடுங்கள். இடையில் தவளை கத்தினால் கத்தட்டும்.

மண் சரிந்த அன்று பேட்டரி எடுத்துவர அவள்தான் உங்களைக் கீழே அனுப்பினாள் என்று திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறீர்கள். ஒரு தடவை போதும் தம்பி. அவள் சொன்னால் நானும் இறங்கியிருப்பேன்.

போனில் அனுப்ப வேண்டாம். கையோடு கொண்டுவாருங்கள். அன்று அவளைக் கொண்டுவந்த வண்டியோடு தெருமுனை வரை வந்துவிட்டு, வீட்டுக்குள் வராமல் திரும்பிவிட்டீர்கள். "அந்தப் பிள்ளை பச்சத்தண்ணி கூடக் குடிக்காமப் போச்சே" என்று அவள் அம்மா இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

மழை விடும்வரை அந்தச் சரிவுப் பக்கம் போகாதீர்கள். உங்களைப் பெற்றவர்களும் வாசலைப் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள். ரொம்ப நாள் நன்றாக இருங்கள்.

இப்படிக்கு,
ஒரே ஒரு அப்பா